ஹாஜி வீட்டு மச்சு அறைக்கு வர்ணம்

ஆம்பூரில் மஹ்பூபியைத் தெரியாதவர்கள் அவளைச் சர்தார் பாஷாவின் பீவி என்று சொல்வார்கள். தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. சர்தார் பாஷாவின் கண் ஊரறிந்த கண். அந்தக் கண் வேலை செய்வது தன்னுடைய தயவில்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஜெர்மன் சண்டை முடிந்து தோல் வியாபாரம் மறுபடியும் சூடு பிடித்திருந்த காலம் அது. ஹாஜி அப்துல் கஃபார் சாயபுவின் தோல் மண்டியில் சர்தார் பாஷா செலக்‌ஷன்காரர். பதனிட்ட தோலைப் பலகைமேல் விரித்துப் போடுவார்கள். அவர் தடவிப் பார்த்து, மடித்துப் பார்த்து, ‘ஒண்ணு’, ‘ரெண்டு’, ‘கழிவு’ என்று தரம் சொல்வார். சொன்னது சொன்னதுதான். ‘செலக்‌ஷன் ஆனப்புறம் பேச்சு இல்லை’ என்பது அந்த மண்டியின் சட்டம். போட்டவர் ஹாஜியே. ஒருமுறை ஹாஜியின் சொந்த மைத்துனர், “ரெண்டுன்னு சொன்ன தோலு ஒண்ணு மாதிரி இருக்குதே” என்று வாயைத் திறந்துவிட்டு, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். மதராஸிலிருந்து வரும் கம்பெனித் துரைமார் ஹாஜி மண்டி முத்திரையைப் பார்த்தால் கட்டைப் பிரிக்காமலே வாங்கிப் போவார்கள்.

துரைமாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோல் வெளிறின நிறத்தில் இருக்க வேண்டும். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் அப்படி இருக்கும். கப்பலில் வருகிற சீமைப்பட்டையில் ஊறினது கொஞ்ச நாளில் சிவப்போடிவிடும். எது சிவக்கப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் செலக்‌ஷன்காரரின் தலையான வேலை. மற்ற மண்டிகளில் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். சர்தார் பாஷா தோலின் ஓரத்தை நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். “சீமைப்பட்டை” என்பார். தப்பாது. அந்த நாக்கின் பெருமையை வாணியம்பாடி வரைக்கும் பேசினார்கள். “கண்ணே போதும். மனுஷன் நாக்கால வேற ஊர்ஜிதம் பண்றார் பாருங்க” என்று ஹாஜி பூரித்துப் போவார்.

ஊர்ஜிதமாவது ஒன்றாவது! சர்தார் பாஷாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. அந்த நாக்கு மட்டும் இல்லாவிட்டால் மனிதர் என்றைக்கோ நடுத்தெருவில் நின்றிருப்பார்.

இதை மஹ்பூபி கண்டுபிடித்தது கல்யாணமான வாரத்திலேயே. கல்யாணத்துக்கு மறுநாள் ரத்தச் சிவப்பில் ஜரிகை போட்ட கல்யாணச் சேலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மெல்லப் பக்கத்தில் வந்து, “இந்தப் பச்சை உனக்கு ரொம்ப எடுப்பா இருக்குது” என்றார். மஹ்பூபியோ, பச்சைச் சேலை கட்டிய எவளோ ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்றே நினைத்தாள். நாலைந்து நாள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அப்புறம் ஒருநாள் கடைக்குப் போய்ப் பச்சை மிளகாய் வாங்கி வரச் சொன்னாள். அவர் பெருமையோடு பை நிறையப் பழுத்த மிளகாயைக் கொண்டுவந்து கொட்டினார். அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. சக்களத்தி இல்லை, கண்ணில்தான் கோளாறு.

அவரைக் கேட்டால் கோளாறு என்று ஒத்துக்கொள்ள மாட்டார். “எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஜனங்கதான் ஒரே சாமானுக்கு ரெண்டு பேர் வச்சிக்கிட்டுப் பேஜார் பண்றாங்க” என்பார். ஆனாலும் உள்ளுக்குள் பயம் உண்டு. செலக்‌ஷன்காரருக்குச் சிவப்பு தெரியாது என்று ஒரு துரை காதில் விழுந்தால் போதும், ஹாஜியின் முத்திரைக்கு மதிப்பு போய்விடும். அவர் வேலையும் போய்விடும். வேலை போனால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். ஊர் சிரிக்குமே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது. ஆகவே மஹ்பூபி அவருடைய கண்ணானாள். உடுப்பை அவள் எடுத்து வைப்பாள். மிளகாயையும் மாம்பழத்தையும் அவள் பொறுக்குவாள். நாலு பேர் எதிரில் அவர் நிறம் பற்றி ஏதாவது உளற வாயெடுத்தால் மஹ்பூபியின் வளையல் குலுங்கும். அவர் உடனே வாயை மூடிக்கொண்டு தாடியைத் தடவுவார். ஊரார் அதை ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில் மண்ணைப் போட வந்தது ஹாஜி வீட்டு மச்சு அறை.

ஹாஜி ஒரு தடவை வியாபாரமாகக் குன்னூர் போய், ஒரு துரையின் பங்களாவில் ஓட்டுக்கூரைக்கு அடியிலேயே இருந்த அறையில் தங்கிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அதே நினைப்பு. ஆம்பூரில் தன் வீட்டு ஓட்டுக்கூரைக்கு அடியிலும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று வாலாஜாபேட்டைத் தச்சரை வரவழைத்துக் கட்டினார். கூரையின் சரிவுக்கு உட்புறம் முழுக்கப் பலகை அடித்தாயிற்று. ஆனால் குன்னூர்க் கூரை உயரம், ஆம்பூர்க் கூரை மட்டம். அறையின் நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு எட்டு ஒதுங்கினால் தொழுகையில் குனிகிற ருகூ. இன்னும் ஒதுங்கினால் நெற்றி தரையில் படுகிற ஸஜ்தா. அங்கே போய்விட்டுத் தலையில் புடைப்பு இல்லாமல் இறங்கியவர் கிடையாது.

அந்த அறைமேல் ஹாஜியின் மனைவி அஃப்ஸர் ஜஹானுக்கு ஆசை. ஹாஜியின் தம்பிமார் குடும்பமெல்லாம் கூடியிருக்கிற வீடு அது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஓர் ஓர்ப்படி வந்து “இன்னா பண்றீங்க?” என்பாள். லக்னோவிலிருந்து வரும் உருதுப் பத்திரிகையை அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் நின்றுதான் படிப்பாள். “அந்த மச்சு ரூமை எனக்குக் குடுங்களேன்” என்று ஒருமுறை கேட்டதற்கு, “பொம்பளைக்குத் தனியா ரூமா? தொரை வந்தா எங்க படுப்பார், உன் அரிசிப் பானையிலயா?” என்று ஹாஜி சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் அப்புறம் கேட்கவில்லை. மனதில் மட்டும் வைத்துக்கொண்டாள். இதையெல்லாம் அவள் சொல்லி அழுதது மஹ்பூபியிடம்தான். மஹ்பூபி அவளை அக்கா முறையில் ‘ஆப்பா’ என்று கூப்பிடுவாள். பக்கத்துத் தெரு. பர்தாவைப் போட்டுக்கொண்டு வாரத்தில் பாதி நாள் மஹ்பூபி அங்கேதான் இருப்பாள். ஆனால் எவ்வளவு சிநேகிதம் இருந்தாலும் தன் வீட்டு ரகசியத்தை மட்டும் அவள் வெளியே விட்டதில்லை.

வர்ணம் அடிக்க வேலூரிலிருந்து ஞானமுத்து வந்தார். மிஷன் பங்களாக்களுக்கெல்லாம் வர்ணம் அடித்த கை. அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

“மொதலாளி, சுவருக்கு ஒரு கலரு, கூரைக்கு வெள்ளைன்னு சொன்னீங்க. இதுல சுவரு எது, கூரை எது?”

நியாயமான கேள்வி. சுவர் என்று நேராக நிற்பது இடுப்புயரம்கூட இல்லை. மிச்சமெல்லாம் சரிவு.

“இதுகூடத் தெரியலையா?” என்றார் ஹாஜி. “தலை இடிச்சா கூரை. முட்டி இடிச்சா சுவரு.”

“தோள் இடிக்குதே, அது?”

ஹாஜி தன் தோளைத் தடவிக்கொண்டார். வெள்ளையை விட்டுவிட்டு முழுக்க ஒரே நிறமாக அடித்துவிடலாம் என்று ஞானமுத்துவே யோசனை சொன்னார். எந்த நிறம் என்பதில் அடுத்த தகராறு. பிஸ்தாப் பச்சை ஒன்று, ரோஜா நிறம் ஒன்று, இரண்டில் ஒன்று என்று வந்து நின்றது. மாதிரி அடித்துக் காட்ட இரண்டு துண்டுப் பலகை கேட்டார் ஞானமுத்து.

“பலகையை ஏன் வீணாக்கணும்? தோலுக்கா இங்க பஞ்சம்?” என்று ஹாஜி இரண்டு கழிவுத் தோல் துண்டுகளை எடுத்துப் போட்டார்.

“தோலு எண்ணெயைக் குடிச்சிடும் மொதலாளி. நெசமான கலரு தெரியாது.”

“குடிக்கட்டும். உங்கப்பன் வீட்டு எண்ணெயா?”

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் அறை வர்ணத்தைத் தோலில் அடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆம்பூரில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. இரண்டு துண்டும் காய்ந்ததும் ஹாஜி அவற்றைச் சர்தார் பாஷாவின் கையில் வைத்தார். “கண்ணுன்னா உங்க கண்ணுதான், பாஷா பாய். வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாப் பாருங்க. நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் சொல்லுங்க. மதராஸ் தொரை அடுத்த மாசம் வர்றார்” என்றார்.

சர்தார் பாஷா வீட்டுக்கு வந்தபோது முகம் பேயறைந்தது போல் இருந்தது. துண்டுகளை மஹ்பூபியின் முன்னால் போட்டார்.

“எது எதுன்னு சொல்லு.”

“இது பச்சை. இது ரோஸு. பச்சையே இருக்கட்டும்னு சொல்லிடுங்க. கண்ணுக்குக் குளிர்ச்சி.”

“எனக்கு ரெண்டுமே குளிர்ச்சியாத்தான் இருக்குது” என்று முனகிக்கொண்டே அவர் துண்டுகளைக் கையில் எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “அட! இது வெள்ளாடு. இது செம்மறி. பின்னே இன்னா கவலை? வெள்ளாடு பச்சை, செம்மறி ரோஸு. கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்!”

மஹ்பூபிக்கும் நிம்மதியாயிற்று. தோலை அவர் தொட்டால் தப்பு வராது. சாப்பிடும்போதும் அவர் வாய்க்குள் ‘வெள்ளாடு பச்சை, செம்மறி ரோஸு’ என்று ஓதிக்கொண்டே இருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே கறியைப் பரிமாறினாள்.

மறுநாள் காலையில் சர்தார் பாஷா துண்டுகளை ஞானமுத்துவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அங்கேதான் வினை. ஞானமுத்து வேலையில் சுத்தமானவர். அவர் சொன்னபடியே தோல் எண்ணெயைக் குடித்து வர்ணம் மங்கிப் போயிருந்தது. மனசு கேட்கவில்லை. இரண்டு துண்டையும் சுரண்டி, வெள்ளை பூசி, இரண்டு வர்ணத்திலும் இன்னும் கொஞ்சம் வெள்ளை கலந்து இளசாக்கி, புதிதாக அடித்து வெயிலில் வைத்தார். எதன்மேல் எதை அடித்தோம் என்று பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து? வெள்ளாடு ரோஜாவாகிவிட்டது. செம்மறி பச்சையாகிவிட்டது.

இது சர்தார் பாஷாவுக்குத் தெரியாது. மஹ்பூபிக்கும் தெரியாது. எதற்கும் பக்கத்தில் இருப்போம் என்று அவள் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயை எடுத்துக்கொண்டு ஹாஜி வீட்டுக்குப் போனாள். கூடத்துத் திரைக்குப் பின்னால் அஃப்ஸர் ஜஹானோடு நின்று, துணியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஹாஜி, ஞானமுத்து, சர்தார் பாஷா. முக்காலிமேல் இரண்டு தோல் துண்டுகள். சர்தார் பாஷா மண்டியில் நிற்கிற தோரணையில் நின்றார். இரண்டையும் எடுத்தார். பின்பக்கத்தை விரலால் தேய்த்தார். ஒன்றைக் கீழே வைத்தார். மற்றதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“இந்தப் பச்சை!” என்றார் கணீரென்று.

அவர் கையில் இருந்தது ரோஜா.

மஹ்பூபியின் வளையல் குலுங்கியது. அவர் திரும்பவில்லை. அவள் இரண்டு கையையும் உதறினாள்.

“இன்னா மஹ்பூபி, கொசுவா?” என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

“இந்தப் பச்சை மாதிரி வராது. மாந்துளிரு மாதிரி இருக்குது!” சர்தார் பாஷாவுக்கு நாக்கில் சரஸ்வதி வந்து உட்கார்ந்துவிட்டாள். “தொரை பார்த்தா சொக்கிடுவார்.”

ஞானமுத்து வாயைத் திறந்தார். “பாய், நீங்க கையில வச்சிருக்கறது வந்து...”

“செலக்‌ஷன் ஆனப்புறம் பேச்சு இல்லை!” என்றார் ஹாஜி. பழக்க தோஷம். சொல்லிவிட்டுத்தான் அவரும் தோலைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பச்சை என்கிறார், கையிலோ ரோஜா. ஆள் குடிக்கிறவரும் இல்லை. மஹ்பூபி திரையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது, ஓர் ஆட்டுத் தோலால் போயிற்றே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹாஜியின் முகம் திடீரென்று விரிந்தது.

“புரிஞ்சிடுச்சி! வாயால பச்சைன்னார். கையால ரோஸைக் காட்டினார். ரெண்டும் வேணும்னு அர்த்தம்! கூரைக்குப் பச்சை, சுவருக்கு ரோஸு. ஏன்யா ஞானமுத்து, சுவரு எது கூரை எதுன்னு கேட்டியே, இப்ப தெரிஞ்சிடுச்சா? இதுதான்யா மூளை! அப்படித்தானே பாஷா பாய்?”

சர்தார் பாஷாவுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. ஆனால் தப்பு நடந்தது அந்த வளையல் சத்தத்திலிருந்தும், அதிலிருந்து தப்பிவிட்டோம் என்பது ஹாஜியின் முகத்திலிருந்தும் புரிந்தது. தாடியைத் தடவினார்.

“அதேதான்” என்றார்.

அஃப்ஸர் ஜஹான் மஹ்பூபியின் வேர்த்த முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு ஊறுகாய் ஜாடியை உள்ளே எடுத்துப் போனாள்.

ஞானமுத்து சொன்னபடி அடித்து முடித்தார். முடித்த அன்று ஹாஜி மச்சுக்கு ஏறிப் பார்த்தார். சரிவு முழுக்கப் பிஸ்தாப் பச்சை. கீழே இடுப்புயரச் சுவர் சுற்றிலும் ரோஜா. இரண்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் ஒரு வெட்டு. கல்யாண வீட்டில் தட்டில் அடுக்கிய பர்ஃபிக்குள் போய் உட்கார்ந்தது போல் இருந்தது. ஹாஜி கீழே வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். மண்டிச் சட்டத்தைத் தானே மீறவும் முடியவில்லை, இந்த அறையில் துரையைப் படுக்கப் போடவும் மனம் வரவில்லை. “பாஷா பாயைக் கூப்பிடுங்க. அவரே ஒருதரம் நேர்ல பார்த்து, இதுதானான்னு சொல்லட்டும்” என்றார்.

ஆள் வந்து கூப்பிட்டதும் மஹ்பூபி புருஷனை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “நல்லாக் கேட்டுக்குங்க. மேல பச்சை, கீழ ரோஸு. ரெண்டும் வேற வேற. ஆனா நீங்க எதையும் பேசாதீங்க. ‘சரி’ன்னு ஒரே வார்த்தை. அவ்ளோதான்.”

“சரி.”

“அதேதான். அதுக்கு மேல ஜாஸ்தி வேணாம்.”

அவளும் பின்னாலேயே ஓடினாள். மச்சுப் படியின் தலையில் ஒரு திரை. அதற்குப் பின்னால் அஃப்ஸர் ஜஹான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

சர்தார் பாஷா குனிந்து அறைக்குள் போனார். நடுவில் போய் நிமிர்ந்தார். மேலே பார்த்தார். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். சொன்ன வார்த்தையைச் சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் அந்தச் சேலையைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அது. மஹ்பூபிக்கு அடையாளம் தெரிந்தது. அதனாலேயே அவளுக்குப் பயம் வந்தது.

“சுபஹானல்லாஹ்!” என்றார் சர்தார் பாஷா. “ஞானமுத்து, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா. சுவரு எங்க முடியுது, கூரை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே! ஒரே சீரா இருக்குது. முட்டைக்குள்ள நிக்கற மாதிரி இருக்குது. மூலையே இல்லாத ரூமு! எனக்குத் தெரிஞ்சி இந்த ஊர்ல இப்படி ஒரு வேலையை யாரும் செஞ்சதில்ல.”

வளையலைக் குலுக்க மஹ்பூபிக்குக் கை வரவில்லை. ஞானமுத்து தன் தூரிகையைப் பார்த்துக்கொண்டார். ஹாஜி அந்தக் கோட்டைப் பார்த்தார், சர்தார் பாஷாவைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார். குருடன்கூடத் தடவிக் கண்டுபிடித்துவிடக்கூடிய கோடு அது.

“தெரியலையா?” என்றார் ஹாஜி மெதுவாக. “பாஷா பாய், உங்களுக்கு நெசமாவே தெரியலையா?”

சர்தார் பாஷாவின் முகத்து வெளிச்சம் அணைந்தது. மேலே பச்சை, கீழே ரோஸு என்று படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. கை தாடிக்குப் போயிற்று. மண்டியில் எத்தனையோ முதலாளிமாரை ஒரு வார்த்தையில் வாயடைக்கச் செய்த மனிதர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார். மஹ்பூபியால் அதைப் பார்க்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“எனக்கும்தான் தெரியலை” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பேசியது அஃப்ஸர் ஜஹான்.

“இன்னா தெரியலை?” என்றார் ஹாஜி.

“சுவரு எங்க முடியுதுன்னு. பாஷா பாய் சரியாத்தான் சொல்றார். அப்படியே இழைஞ்சி போயிருக்குது. உங்களுக்குத் தெரியுதா?”

ஹாஜி திணறினார். செலக்‌ஷன்காரர் தெரியவில்லை என்கிறார். மனைவியும் தெரியவில்லை என்கிறாள். தனக்கு மட்டும் தெரிகிறது என்றால் கோளாறு யார் கண்ணில்? “தெரியுதுன்னு சொல்ல முடியாது...” என்று இழுத்தார். “ஆனா தொரை வந்தா...”

“தொரைக்குப் பிடிக்கலைன்னா அடிச்சதை மாத்தப் போறீங்களா? செலக்‌ஷன் ஆனப்புறம் பேச்சு இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு?”

“மாத்த முடியாது.” ஹாஜி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “மாத்தினா முத்திரைக்கு மரியாதை இல்லை. ஆனா தொரையை இதுல எப்படி...”

“அவரைக் கீழ முன்ரூம்ல படுக்க வைங்க. பாவம், தலையும் இடிக்காது. இந்த ரூமு சும்மாக் கிடந்தா எலி குடி வரும். அதுக்கு நான் வேணா இங்க இருந்துக்கறேன்.”

கீழே ஓர்ப்படிமார் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. ஹாஜி கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லாததால், “சரி, இருந்துக்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும்போது தலையை இடித்துக்கொண்டார். அது கூரை.

அதற்குப் பிறகு சில நாள் மஹ்பூபி அந்தப் பக்கமே போகவில்லை. அஃப்ஸர் ஜஹானுக்குத் தெரிந்துவிட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்தவள் எந்த நேரத்திலும் சொல்லலாம். கோபத்தில் சொல்லலாம், விளையாட்டாகச் சொல்லலாம், புருஷனோடு கொஞ்சும்போது சொல்லலாம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே அவள் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். கடைசியில் ஆள் மேல் ஆள் விட்டு அஃப்ஸர் ஜஹான் கூப்பிட்டனுப்பினாள். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மஹ்பூபி தயங்கித் தயங்கி மச்சுப் படி ஏறினாள்.

அஃப்ஸர் ஜஹான் சரிவுக்கு அடியில் ஜமக்காளத்தை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பத்திரிகை. அரிசிப் பானை இல்லை, ஓர்ப்படியும் இல்லை. அவள் முகம் பத்து வயது குறைந்திருந்தது.

“உக்காரு. தலை பத்திரம்” என்றாள். மஹ்பூபி உட்கார்ந்ததும், “எத்தினி வருஷமா?” என்றாள்.

மஹ்பூபிக்கு மழுப்பத் தெம்பில்லை. “கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து, ஆப்பா” என்றாள். சொன்னதும் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. சிவப்புச் சேலையைச் சொன்னாள். மிளகாயைச் சொன்னாள். நாக்கைச் சொன்னாள். வெள்ளாட்டையும் செம்மறியையும் சொல்லும்போது அஃப்ஸர் ஜஹான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுதுகொண்டிருந்த மஹ்பூபிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு வருஷத்தில் இதை நினைத்து அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் இருந்ததுதான் காரணம் என்று இப்போது தெரிந்தது.

“அவர்கிட்ட சொல்லிடுவீங்களா ஆப்பா?”

“பைத்தியமா? சொன்னா ஞானமுத்துவைக் கூப்பிட்டு வேற கலரு அடிப்பார். அடிச்சா ரூமு போயிடும். உன் வீட்டுக்காரர் கண்ணு அப்படியே இருக்கணும்னு நான் துவா செய்யறேன்.”

இருவரும் பேசிக்கொண்டே இருந்ததில் பொழுது சாய்ந்தது தெரியவில்லை. மக்ரிப் பாங்கு ஒலித்தது. அந்த அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக வந்த வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அஃப்ஸர் ஜஹான் விளக்கைப் பொருத்த எழுந்தாள்.

“கொஞ்சம் இருங்க” என்றாள் மஹ்பூபி.

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஜா மங்கிக்கொண்டே போயிற்று. பச்சையும் மங்கிற்று. இரண்டுக்கும் நடுவிலிருந்த அந்த வெட்டு நிதானமாக அழிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மூலை இல்லை. அறை முழுக்க ஒரே சீராக, முட்டைக்குள் உட்கார்ந்தது போல் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. இவ்வளவு வருஷமும் தன் புருஷனுக்கு ஏதோ ஒன்று குறைச்சல் என்று நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்தவளுக்கு, அவர் பார்ப்பதை ஒருநாளும் பார்த்ததில்லையே என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது சர்தார் பாஷா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மச்சு அறையில் நடந்த நாளிலிருந்து அவர் குரல் இறங்கியே இருந்தது. மண்டியில்கூட ‘ஒண்ணு’, ‘ரெண்டு’ என்பதை யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலச் சொன்னாராம்.

“அங்கேர்ந்துதான் வர்றியா?” என்றார்.

“ஆமாங்க.”

“நெசத்தைச் சொல்லு மஹ்பூபி. அந்த ரூமு பார்க்க இன்னா மாதிரிதான் இருக்குது?”

அவள் பர்தாவைக் கழற்றி மடித்து வைத்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரிதாங்க இருக்குது” என்றாள். “சுவரு எங்க முடியுதுன்னே தெரியலை.”